கட்டையும் கமகமும்: அனில் ஸ்ரீநிவாசனின் பியானோ இசையும் இசைக்கல்விப் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

கருநாடக இசையின் உயிர்நாடியாகக் கருதப்படும் கமகத்தைப் பியானோவில் வாசிக்க இயலாது. எனினும் சென்னையைச் சேர்ந்த பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசன், அக்கருவியைக் கொண்டே கருநாடக இசை உருப்படிகளை உள்நாட்டு, வெளிநாட்டு மேடைகளில் வழங்கிவருகிறார். பள்ளி மாணவர்க்கான இசைக்கல்வி முயற்சி ஒன்றையும் நடத்திவருகிறார். கருவியின் எல்லையை அவர் எதிர்கொண்ட முறையையும், அம்முறை அவரது கல்விப் பணியோடு கொள்ளும் உறவையும் இக்கட்டுரை விளக்குகிறது. பியானோவே இல்லாத படவேடு போன்ற சவ்வாது மலையடிவார ஊர் ஒன்றில் இதற்கு என்ன பொருள் உண்டு என்னும் வினாவும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பியானோ, கமகம், கட்டை, யாழ்மூரி, ஆர்மோனியம், தெருக்கூத்து, இசைக்கல்வி, படவேடு

முன்னுரை

கருநாடக இசைப் பாடகர் ஒருவரின் சுருதியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொல் ‘கட்டை’ என்பதாகும். ஆண் பாடகர் பலர் ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையிலும், பெண் பாடகர் பலர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவர். இங்குக் கட்டை என்பது பியானோ, ஆர்மோனியம் ஆகியவற்றில் விரலால் அழுத்தப்படும் மரத்துண்டே. வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, அவற்றுக்கு இடைப்பட்ட கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என வழங்குகின்றனர். இவ்வரிசையில் மூன்றரைக் கட்டை இல்லை. மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காம் வெள்ளைக் கட்டைக்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது என்பதே காரணம். மேலைநாட்டுக் கருவியின் உடலமைப்பு தமிழ்ப் பாடகரின் அன்றாடப் பேச்சில் இந்த அளவிற்குப் பதிந்திருக்கிறது.

ஆனால் அக்கருவி கருநாடக இசை மேடைக்கு உரியதன்று என்னும் எண்ணமும் நூறாண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றுள்ளது. பாரதியார் தம் இசை பற்றிய கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகச் சாடியுள்ளார். 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களில் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. சுருதியைச் சொல்லக் கட்டை வேண்டும், இசைக்க வேண்டா என்னும் இம்முரணின் நடுவில்தான் அனில் ஸ்ரீநிவாசனின் இசைவாழ்வு அமைகிறது.

கருவியின் எல்லை

பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. 52 வெள்ளை, 36 கறுப்பு. கட்டையை அழுத்தியதும் உள்ளிருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிக்கொள்கிறது. அதன்பின் அந்த ஒலியின்மீது வாசிப்பவருக்கு உள்ள ஆளுகை மிகக் குறைவு. ஒலி தேய்ந்துகொண்டே போகும். அதை வளைக்கவோ பெருக்கவோ முடியாது. வீணையில் கம்பியை இழுத்தும், வயலினில் விரலை வழுக்கியும், நாதசுரத்தில் காற்றை அடக்கியும் பெறுகின்ற அசைவு இங்கு இல்லை.

தோடி இராகத்தின் காந்தாரம் இதற்குத் தக்க சான்று. ஏட்டில் அது சாதாரண காந்தாரம். பியானோவில் அதற்குரிய கட்டையும் உண்டு. பாடும்போது அச்சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. தன் அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவே தோடி. கட்டையை அழுத்தினால் கிடைப்பது காந்தாரத்தின் முகவரி மட்டுமே.

நுண்ணிய சிக்கல் மற்றொன்றும் உண்டு. ஒரு தானத்தை 1200 சென்ட் எனக் கொண்டால், பியானோ அதனைப் பன்னிரண்டு சமபகுதிகளாக, ஒவ்வொன்றும் 100 சென்ட் எனப் பிரிக்கிறது. இதன்படி அந்தர காந்தாரம் 400 சென்டில் அமையும். நன்கு சுருதி சேர்த்த தம்பூராவில் மந்தர சட்சத்திலிருந்து தானே எழும் காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்டில் ஒலிக்கும். பதினான்கு சென்ட் வேறுபாடு என்பது பயிற்சி பெற்ற செவிக்கு நன்கு புலப்படுவது. பஞ்சமத்தில் வேறுபாடு இரண்டு சென்ட் மட்டுமே. அதனைப் பொருட்படுத்துவோர் இலர்.

இவ்விடத்தில் ஆபிரகாம் பண்டிதரை நினைவுகூர்தல் பொருந்தும். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் அவர் 22 சுருதிக் கொள்கையை மறுத்து, தானத்தை 24 சம அலகுகளாகப் பகுக்கும் முறையே பழந்தமிழ் இசைமரபு என வாதிட்டார். அவர்தம் முடிவை ஏற்போரும் மறுப்போரும் இன்றும் உளர். சமப்பகுப்பு என்றாலே அயல்மரபு எனத் தள்ளிவிடும் வழக்கத்திற்குத் தஞ்சையிலிருந்தே எழுந்த மறுப்பு அது என்பது பெரிதும் கவனிக்கப்படவில்லை.

யாழ்மூரி: ஒரு பழைய வழக்கு

கருவிக்குள் அடங்காத பாட்டு என்பது தமிழ் மரபிற்குப் புதிய சிக்கல் அன்று. திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் இசைத்து உடன்சென்ற வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. யாழ்ப்பாணரின் தாய் பிறந்த தருமபுரத்திற்கு இருவரும் வந்தபோது, யாழில் இசைப்பதாலேயே பதிகத்தின் இசை பெருமை பெறுகிறது என உறவினர் பேசினர். அதனால் உள்ளம் நொந்த யாழ்ப்பாணர், கருவியில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறு பாடப்பட்ட பதிகத்தை யாழில் வாசிக்க முயன்று இயலாமற்போகவே, யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார்; இயன்ற அளவில் இக்கருவியில் வாசித்து உடன்வருக எனக் கூறி யாழைத் திருப்பியளித்தார் என்பது சேக்கிழார் தரும் செய்தி.

யாழ் என்பது நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்திற்கெனக் கட்டப்பட்ட கருவி. விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் (1947) அதன் வடிவையும் நரம்படைவையும் விரிவாக ஆராய்ந்துள்ளது. கமகம் செறிந்த இசையைத் திறந்த நரம்புகளில் காட்ட இயலாமையே யாழ்மூரிக்குக் காரணம் என இசை ஆய்வாளர் சிலர் விளக்குவர். அவ்விளக்கத்தை ஏற்பின், பியானோவின் இன்றைய சிக்கலும் அதுவே. பியானோவின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே கிடப்பது கம்பிகளைக் கிடத்திக் கட்டிய ஒரு பெரிய யாழ்தான்.

இக்கதையில் பலரும் விட்டுவிடும் பகுதி அதன் முடிவாகும். பாட்டு கருவிக்காகச் சுருக்கப்படவில்லை, கருவியும் கைவிடப்படவில்லை. இரண்டும் தத்தம் அளவில் நின்று உடன்செல்ல வேண்டும் என்னும் தீர்வே அங்கு எட்டப்பட்டது.

சென்னையில் பியானோ

சென்னையில் பியானோக்களையும் ஆர்கன்களையும் விற்க மிஸ்க்வித் என்பார் 1842இல் தொடங்கிய கடையே பின்னர் அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் நிறுவனமாயிற்று. பாரிசில் தெபேன் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றதும் அதே 1842இல் என்பது தற்செயல் ஒற்றுமை. தொடக்கத்தில் ஆங்கிலேயர் இல்லங்களுக்கும் தேவாலயங்களுக்கும் உரியதாயிருந்த இக்கருவி, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகள் வழியாக நகரின் நடுத்தர வகுப்புக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. மயிலாப்பூர் சாயி லாட்ஜின் சிறிய அறையில் தன்ராஜ் மாஸ்டர் நடத்திய வகுப்புகளிலிருந்து இளையராஜா உள்ளிட்ட திரையிசையாளர் பலர் உருவாயினர். 2008இல் ஏ.ஆர். ரஹ்மான் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியில் பயின்ற லிடியன் நாதஸ்வரம், 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பத்து இலட்சம் டாலர் பரிசு வென்றார். ‘வண்டின் பறத்தல்’ என்னும் உருசிய உருப்படியை நிமிடத்திற்கு 325 துடிப்பு என்னும் விரைவில் அவர் வாசித்தது உலகெங்கும் பேசப்பட்டது.

இவர்கள் அனைவரும் பியானோவை மேலை இசைக்கோ திரையிசைக்கோ பயன்படுத்தியவர்கள். கருநாடக இசையை மேலைமுறைக்குள் கொணரும் முயற்சி வேறொரு தடத்தில் நடந்தது. ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890களில் தியாகராசர் முதலானோர் உருப்படிகளை மேலைச் சுரக்குறிமானத்தில் அச்சிட்டார். அவரது தூண்டுதலும் சேர்ந்து 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளைப் படைத்துக்கொண்டது. சுரத்தின் இடத்தைக் குறித்தல் போதாது, அதன் அசைவையும் குறித்தாக வேண்டும் என்னும் தெளிவு அக்காலத்திலேயே இருந்தது.

அனில் ஸ்ரீநிவாசனின் வழி

சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே மேலை முறையில் பியானோ பயின்று, அமெரிக்காவில் உயர்கல்வி பெற்றுத் திரும்பியவர் அனில் ஸ்ரீநிவாசன். புல்லாங்குழல் இசையில் புகழ்பெற்ற சிக்கில் சகோதரிகளின் குடும்பத்தைச் சேர்ந்த பாடகர் சிக்கில் குருசரணுடன் அவர் இணைந்து நிகழ்த்தும் அரங்குகளே அவரைப் பரவலாக அறியச்செய்தன. ‘மதிராட்சி’ முதலான இசைத்தொகுப்புகள் இவ்விணைவின் விளைவுகள். சங்கீத நாடக அகாதெமியின் உஸ்தாத் பிஸ்மில்லா கான் இளைஞர் விருதும் தமிழ்நாட்டின் கலைமாமணி விருதும் அவருக்கு வழங்கப்பட்டுள்ளன. விருதுகளைக் காட்டிலும் அவர் கருவியைக் கையாளும் முறையே ஆய்வுக்குரியது.

கமகம் இல்லாக் கருவியில் கமகம் செய்ய இரு வழிகள் உண்டு. ஒன்று, கருவியை மாற்றுதல். மின்னணு விசைப்பலகையில் சுரத்தை வளைக்கும் சிறு சக்கரத்தை இடக்கையால் இயக்கி, முழுமையான கருநாடக இசைக் கச்சேரியை வழங்கிவருபவர் கே. சத்தியநாராயணன். வியத்தகு உழைப்பைக் கோரும் வழி அது. மற்றொன்று, அண்டைக் கட்டைகளை விரைந்து தொட்டு அசைவு போன்ற மயக்கத்தை ஏற்படுத்துதல். பியானோவில் இது பெரும்பாலும் அணிச்சுரமாகவே கேட்கும், கமகமாகக் கேட்பதில்லை.

அனில் ஸ்ரீநிவாசன் இவ்விரண்டையும் முதன்மையாகக் கொள்ளவில்லை. குருசரணுடனான அரங்குகள் பலவற்றில் குரலும் பியானோவுமே உள்ளன. வயலின் போலப் பியானோ பாடகரின் நிழலாக ஒவ்வொரு சங்கதியையும் திருப்பி வாசிப்பதில்லை. கமகம் முழுவதும் குரலின் பொறுப்பு. பியானோ அக்குரலுக்குக் கீழே தரையாகிறது: தாழ்ந்த கட்டைகளில் ஆதார சுருதி, அதன்மேல் இராகத்தின் சுரங்களிலிருந்தே எடுத்த சுரக்கூட்டுகள், பெடலை மிதித்து நீட்டிய ஒலியின் தேய்வு, அத்தேய்வுக்குப் பின் வரும் மௌனம். ஒலி தேய்ந்துபோதல் என்னும் குறையே இங்குப் பயன்படு பொருளாகிறது. குரல் அசையும் இடத்தில் பியானோ தேய்ந்து ஒதுங்குவதால் 400 சென்டும் 386 சென்டும் மோதிக்கொள்ளும் நேரமும் குறைகிறது.

இம்முறைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சுரக்கூட்டு என்பது ஒரே நேரத்தில் பல சுரங்களை நிற்கச் செய்வது. இராகமோ ஒவ்வொரு சுரத்திற்கும் வரும் வழி, போகும் வழி எனத் தனித்தனி நடை வகுப்பது. ஆதலின் சங்கராபரணம், மோகனம், அம்சத்துவனி போன்றவற்றில் இயல்பாக அமையும் இவ்விணைவு, தோடியிலும் வராளியிலும் அரிதாகவே அமையும். தேர்ந்தெடுக்கப்படும் உருப்படிகள் மென்மையும் விளம்பமும் நோக்கிச் சாய்வதையும் கேட்போர் உணரலாம். இராக ஆலாபனையின் வன்மையை எதிர்பார்த்து வரும் இரசிகர்க்கு இது குறையாகவே தோன்றும். அத்தோற்றம் முற்றிலும் நியாயமற்றதும் அன்று. எனினும் பாட்டைச் சுருக்காமலும் கருவியை உடைக்காமலும் உடன்செல்லும் இம்முறை, தருமபுரத்தில் எட்டப்பட்ட தீர்வுக்கு மிக நெருங்கியது.

இசைக்கல்விப் பணி

அவர் நிறுவிய ‘ராப்சடி’ என்னும் இசைக்கல்வி அமைப்பு, தென் மாநிலங்களின் தனியார் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பாடத்திட்டம் சார்ந்த இசை வகுப்புகளை நடத்துகிறது. மேடைக் கலைஞரை உருவாக்குதல் இதன் நோக்கமன்று. மொழி, கணக்கு முதலான பாடங்களைக் கற்பதற்கு இசையைக் கருவியாக்குவதே நோக்கம். பியானோ கலைஞர் ஒருவர் தொடங்கிய கல்வித் திட்டத்தின் மையத்தில் பியானோ இல்லை என்பது கருதத்தக்கது. டிரினிட்டித் தேர்வு மரபில் வளரும் ஆசிரியர் பொதுவாக ஒரு குழந்தை, ஒரு கருவி, ஒரு படிநிலை எனச் செயல்படுவர். அம்மரபிலிருந்து வந்தவர் நாற்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குச் செல்லும்போது அக்கட்டமைப்பு உதவாது. மேடையில் அவர் கைக்கொண்ட பகிர்வே இங்கும் காணப்படுகிறது: எல்லாவற்றையும் ஒரே கருவியிடம் கேட்பதில்லை.

இதே பரப்பில் நோக்கத்தக்க மற்றொரு முயற்சி, காஞ்சிபுரம் அருகே பி. இராசகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம். பள்ளிக் கல்வியும் கூத்துப் பயிற்சியும் ஒரே கூரையின்கீழ் அங்கு வழங்கப்பட்டன. (கட்டைக்கூத்தின் ‘கட்டை’ நடிகர் அணியும் மர அணிகலன்களைக் குறிப்பது, சுருதிக் கட்டையோடு அதற்குத் தொடர்பில்லை.) ஒன்று நகரிலிருந்து புறப்பட்டு இசையைப் பள்ளிக்குள் கொண்டுசெல்கிறது, மற்றது ஊரின் கலையையே பள்ளியாக்கியது.

படவேட்டிலிருந்து நோக்குதல்

திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த படவேடு, சம்புவராயரின் தலைநகராய்த் திகழ்ந்த ஊர். இன்று ரேணுகாம்பாள் கோயிலால் அறியப்படுவது. ஆடி வெள்ளிகளில் பெருந்திரள் கூடுமிடம். இங்குப் பியானோ பற்றிப் பேசுவது முதற்பார்வைக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். எனினும் கட்டை இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று. அம்மன் வழிபாட்டின் பம்பையும் உடுக்கையும் ஒருபுறமிருக்க, வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்து மேடையின் பின்வரிசையில் விடியும்வரை ஒலிப்பது ஆர்மோனியம். கூத்தர் வழக்கில் அது ‘பெட்டி’.

இசை நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவர்தம் சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தமை இசை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கூத்துப் பெட்டிக்கு அத்தகைய வரலாறு எழுதப்படவில்லை. வானொலி தடைவிதித்த ஆண்டுகளிலும் கூத்து மேடையில் பெட்டி இருந்தது. அங்கு அதனை யாரும் சுருதிக் குற்றம் சாட்டி இறக்கிவிடவில்லை. காரணம் எளிது. கூத்தில் பெட்டியுடன் முகவீணையும் உண்டு. சீவாளியில் ஊதப்படும் அக்குழல் வளைந்தும் குழைந்தும் நடிகரின் குரலைப் பற்றிச் செல்லும். பெட்டி சுருதியையும் மெட்டின் எலும்புக்கூட்டையும் தாங்கி நிற்கும். பின்பாட்டுக்காரர் இவ்விரண்டுக்கும் நடுவே அடியை வாங்கிப் பாடுவர். அசைவது ஒன்று, நிற்பது ஒன்று. குருசரணின் குரலும் அனில் ஸ்ரீநிவாசனின் பியானோவும் சபா மேடையில் கண்ட பகிர்வைக் கூத்து மேடை நெடுங்காலமாக நடைமுறையில் வைத்திருக்கிறது. பெட்டிக்கும் பியானோவுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு ஒலியின் வாழ்நாள்: துருத்தி இயங்கும்வரை பெட்டியின் சுரம் தேயாது. ஆகவே அங்கு மௌனத்திற்கு இடமில்லை. திறந்தவெளியில் நள்ளிரவில் அதற்குத் தேவையும் இல்லை.

கல்வி நிலையில் இப்பெட்டிக்கு உள்ள இடம் வேறு. தமிழ்நாட்டரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில், திருவண்ணாமலையில் உள்ளது உட்பட, குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை பயிற்றுவிக்கப்படுகின்றன. இப்பட்டியலில் ஆர்மோனியம் இல்லை, முகவீணையும் இல்லை. சென்னையில் பியானோ பயிலும் மாணவர்க்கு நிலைநிலையாகத் தேர்வும் சான்றிதழும் உள்ளன. கூத்துப் பெட்டி பயிலும் இளைஞர்க்கு மூத்த வாத்தியாரின் பக்கத்தில் பெஞ்சில் அமர்ந்து இரவெல்லாம் கண்விழிப்பதே பள்ளி. இரண்டு பேரின் விரலுக்குக் கீழும் இருப்பது அதே பன்னிரண்டு கட்டைகள்தாம்.

இசைவழிக் கல்வி மலையடிவாரப் பள்ளி ஒன்றுக்கு வருமாயின், அது முதலில் தேட வேண்டியது அவ்வூரின் பெட்டிக்காரரை. கட்டைகளை எண்ணச் சொன்னால் மூன்றரை ஏன் இல்லை என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கும். பின்னமும் வரிசையும் அங்கேயே தொடங்கிவிடும். கைப்பேசிச் செயலியின் தம்பூராவை ஒலிக்கவிட்டுப் பெட்டியின் காந்தாரத்தை அழுத்தினால், பதினான்கு சென்ட் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காமலேயே செவி உணரும். பக்கத்தில் முகவீணைக்காரர் ஒருவரும் அமர்ந்து அதே காந்தாரத்தை அசைத்து ஊதுவாராயின், கமகம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இதற்குப் பியானோ தேவையில்லை. வேண்டுவது, கூத்து வாத்தியார்களைப் பள்ளி நேரத்தில் ஊதியத்துடன் ஆசிரியராக ஏற்கும் ஓர் ஆணை மட்டுமே.